மார்பகச் சீரமைப்பு அறுவை: முன்னும் பின்னும்

சிவகாசியை அடுத்துள்ள விஸ்வநத்தம் எங்கள் ஊர். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் ஊருக்குச் சோறு போடுகின்றன. அவ்வப்போது தீயும் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. தீக்காயத் தழும்புள்ள ஒருவரேனும் இல்லாத தெருவை எங்கள் பக்கத்தில் காண்பது அரிது.

நான் இயற்பியல் கற்பிக்கும் கல்லூரியில், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் தயங்கியபடி வந்து ஒரு தாளை நீட்டினாள்.

“மிஸ், அக்காவுக்குச் சென்னையில ஆபரேஷன் வச்சிருக்காங்க. இதுல இருக்கறதெல்லாம் எதுக்குச் செய்யணும்னு அக்கா கேக்குறா. நீங்க சொன்னாக் கேப்பா.”

அக்காவுக்கு ஏழு வயதாக இருந்தபோது, தீபாவளியன்று புஸ்வாணத்தின் பொறி சட்டையில் பற்றிக்கொண்டது. உயிர் பிழைத்தாள். ஆனால் வலது மார்பின் மேல் தோல் இறுகித் தழும்பாயிற்று. பருவம் வந்தபோது இடப்பக்கம் வளர்ந்தது. வலப்பக்கம் வளர இடமின்றித் தட்டையாகவே நின்றுவிட்டது. இப்போது அவளுக்கு 24 வயது. அச்சகம் ஒன்றில் பைண்டிங் வேலை பார்க்கிறாள். சென்னையிலுள்ள அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அங்கே கொடுத்த கட்டளைகளின் பட்டியல்தான் அந்தத் தாள்: ‘புகையிலை கூடாது’, ‘ஆஸ்பிரின் கூடாது’, ‘நள்ளிரவுக்குப் பின் உணவு கூடாது’, ‘ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது’.

கடைசிக் கட்டளையில்தான் சிக்கல். அறுவை நடந்ததே அக்கம்பக்கத்தில் எவருக்கும் தெரியக் கூடாதென்பது வீட்டாரின் எண்ணம். ஆகவே ஒரே வாரத்தில் ஊர் திரும்பி, வழக்கம் போல் குடமெடுத்துத் தண்ணீருக்குப் போய்விட வேண்டும் என்று அக்கா முடிவு செய்திருந்தாள்.

நான் மருத்துவரல்லேன். ஆயினும் அந்தத் தாளைப் படித்தபோது, அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நாம் பாடப் புத்தகத்தில் படிக்கும் ஒரு விதி நிற்பதைக் கண்டேன். அவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

யாருக்கு இந்த அறுவை?

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை என்றவுடன் திரைப்பட நடிகையர் நினைவுக்கு வருவது இயல்பு. அழகுக்காகச் செய்துகொள்வோர் உண்டு. அது அவரவர் விருப்பம். ஆனால் பிறவியிலேயே ஒருபக்கம் வளராதவர்கள், புற்றுநோயினால் மார்பகத்தை இழந்தவர்கள், தீக்காயத்தால் வளர்ச்சி தடைப்பட்டவர்கள் ஆகியோரும் இதே கருவியையும் இதே முறைகளையும்தான் நாடுகின்றனர்.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவைக்கெனத் தனிச் சேவை தொடங்கப்பட்டு, ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யப்படும் என அறிவிக்கப்பட்டது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் சி. விஜயபாஸ்கர். இத்தகைய சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பது அரசின் வாதம். உயிர் காக்கும் பணிகளுக்கல்லவா பொதுப்பணம் போக வேண்டும் என்று சிலர் எதிர்வாதம் செய்தனர். இரண்டிலும் பொருள் உண்டு. தாவணியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே பத்தாண்டுகளைக் கழித்த ஒரு பெண்ணைக் கேட்டால், அவள் எந்தப் பக்கம் நிற்பாள் என்பது நமக்குத் தெரியும்.

மெழுகிலிருந்து சிலிக்கோன் வரை

1895-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி என்னும் அறுவை மருத்துவர், கட்டி நீக்கப்பட்ட ஒரு பெண்ணின் மார்பகத்தை, அவளுடைய முதுகுப் பக்கத்திலிருந்தே எடுத்த கொழுப்புக் கட்டியால் நிரப்பினார். இதுவே இத்துறையின் முதல் முயற்சியாகக் கூறப்படுகிறது. அடுத்து வந்தவர்கள் பாரஃபின் மெழுகை உருக்கி ஊசி வழியே செலுத்தினர். மெழுகு உடலுக்குள் இடம் பெயர்ந்தது, கட்டி கட்டியாய் இறுகியது, தோல் அழுகியது. பல பெண்கள் பெருந்துன்பம் அடைந்தனர்.

1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ ஆகிய இருவரும் சிலிக்கோன் பையை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குப் பொருத்தினர். நெகிழிப் பையில் அடைத்த இரத்தத்தைக் கையில் எடுத்தபோது அதன் மென்மையைக் கண்டு ஜெரோவுக்கு இந்த எண்ணம் தோன்றியது என்று சொல்வதுண்டு.

சிலிக்கோன் என்பது என்ன? தீப்பெட்டியின் பக்கவாட்டில் உரசும் பட்டையை எங்கள் ஊர்க் குழந்தைகளும் அறிவார்கள். அதில் சிவப்புப் பாஸ்பரசுடன் கண்ணாடித் தூளும் கலந்திருக்கும். கண்ணாடி மணலிலிருந்து வருகிறது. மணலில் இருப்பது சிலிக்கன். அந்தச் சிலிக்கன் அணுவையும் ஆக்சிஜன் அணுவையும் மாறி மாறிக் கோத்து நீண்ட சங்கிலியாக்கி, பக்கங்களில் கரிமத் தொகுதிகளை இணைத்தால் சிலிக்கோன் ஆகிறது. சங்கிலிகள் தனித்தனியே கிடந்தால் எண்ணெய். ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைந்தால் கூழ். மிகுதியாகப் பிணைந்தால் ரப்பர். மார்பகப் பையின் மேலுறை ரப்பர், உள்ளே கூழ். கூழுக்குப் பதில் உப்பு நீர் நிரப்பிய பைகளும் உண்டு.

தோலுக்கு ஒரு கணக்கு

“பையை உள்ளே வைத்துத் தைத்துவிட்டால் போதாதா? இரண்டு முறை அறுவை எதற்கு?” என்பது அக்காவின் முதல் கேள்வி. இதற்கு வடிவியல் விடை சொல்கிறது.

12 செ.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றைத் தட்டையான மார்பின் மீது வரைவோம். அதன் பரப்பு சுமார் 113 சதுர செ.மீ. இப்போது அதே அடித்தளத்தின் மீது 4 செ.மீ. உயரமுள்ள குவிந்த மேடு எழுப்புவோம். மேட்டின் பருமன் சுமார் 260 மில்லிலிட்டர். மேற்பரப்பு சுமார் 163 சதுர செ.மீ. ஆகவே 50 சதுர செ.மீ. தோல் கூடுதலாக வேண்டும். நல்ல தோல் ஓரளவு இழுத்துக் கொடுக்கும். தீக்காயத் தழும்போ சணல் சாக்கைப் போன்றது, அது கொடுக்காது.

எனவே முதலில் தழும்பைக் கீறி விடுவிக்கிறார்கள். தேவையானால் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டுகிறார்கள். சில பெண்களுக்கு இதுவே போதும். அடியில் அடங்கிக் கிடந்த மார்பகம் தானே மேலெழும். போதாதவர்களுக்கு வெற்றுப் பையொன்றை உள்ளே வைத்து, அதன் வாயில் வழியாக வாரந்தோறும் சிறிது சிறிதாக உப்பு நீரை ஏற்றுகிறார்கள். இதனை மருத்துவர்கள் ‘எக்ஸ்பாண்டர்’ என்பர். நாம் விரிபை எனலாம். கருவுற்ற பெண்ணின் வயிற்றுத் தோல் எவ்வாறு மெல்ல மெல்ல விரிந்து, புதிதாகவும் வளர்கிறதோ அவ்வாறே இத்தோலும் வளர்கிறது. போதிய தோல் கிடைத்த பின் விரிபையை எடுத்துவிட்டு நிலையான பையை வைக்கிறார்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் நீரை ஏற்றினால் இரத்தக் குழாய்கள் நசுங்கித் தோல் கருகிவிடும்.

அழகுக்காகச் செய்துகொள்வோருக்கும் இக்கணக்கு பொருந்தும். ‘பெரிய பை’ என்று கேட்பது எளிது. ஆனால் பையின் விட்டம் மார்பின் அடித்தள அகலத்தை மீறக் கூடாது. மேலே போர்த்தும் தோலும் கொழுப்பும் போதிய தடிப்புடன் இருத்தல் வேண்டும். சிலிக்கோன் கூழின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே. ஆதலால் 260 மில்லிலிட்டர் பை என்பது ஒவ்வொரு பக்கமும் கால் கிலோ எடை. இந்த எடையை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டியது தோல்தான். மருத்துவர் அளவுநாடா கொண்டு அளப்பதும், தோலைக் கிள்ளித் தடிப்பைப் பார்ப்பதும் இதற்காகவே.

அறுவைக்கு முன்

முதற் கட்டளை, புகையிலை கூடாது என்பது. புகைபிடித்தலை மட்டுமே இது குறிக்கிறதென எண்ண வேண்டாம். வெற்றிலையோடு ஒதுக்கும் புகையிலைத் துணுக்கிலும் நிகோட்டின் உண்டு. நிகோட்டின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. குழாயில் பாயும் திரவத்தின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840-களில் கண்டறிந்தார். ஆரம் பத்தில் ஒரு பங்கு சுருங்கினால், பாய்வு பத்தில் ஒரு பங்கா குறைகிறது? இல்லை. 0.9-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்: 0.66. மூன்றில் ஒரு பங்கு இரத்தம் வராமல் போய்விடுகிறது! வெட்டி இழுத்துத் தைக்கப்பட்ட தோலின் ஓரத்துக்கு அதுவே வாழ்வா சாவா என்னும் வேறுபாடு. புகைப்பவர்க்கு இன்னொரு கேடும் உண்டு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஆதலால் அறுவைக்கு முன் நான்கு வாரம், பின் நான்கு வாரமேனும் புகையிலையை எவ்வடிவிலும் தொடக் கூடாது.

இரத்தச் சோகை நம் பெண்களிடையே மிகுதி. ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் மருத்துவர் அறுவையைத் தள்ளி வைப்பார். ‘தேதி போய்விட்டதே’ என்று வருந்த வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரையும் முருங்கைக் கீரையும் பருப்பும் முட்டையும் உண்டு உடலைத் தேற்றிக்கொள்ளக் கிடைத்த காலமாக அதைக் கொள்ளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றையும் சோதிப்பார்கள். மார்பகத்தில் கட்டி ஏதும் இல்லை என்பதை ஸ்கேன் எடுத்து முன்னரே உறுதி செய்துகொள்வதும் வழக்கம்.

அடுத்து ஆஸ்பிரின். இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களை இது முடக்கிவிடுகிறது. முடங்கிய தட்டணு மீண்டும் எழாது. அது மடிந்து புதியது பிறக்க வேண்டும். ஒரு தட்டணுவின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். ஒரு வாரம் முதல் பத்து நாள் முன்னரே நிறுத்தச் சொல்வதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? ஆனால் இதயநோய்க்காக ஆஸ்பிரின் உண்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. நாட்டு மருந்து, சித்த மருந்து, சத்து மாத்திரை எதுவாயினும் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வெறும் வயிறு எதற்கு? மயக்க மருந்து, உடலின் காவல்காரர்களையும் உறங்க வைத்துவிடுகிறது. விழித்திருக்கும்போது உணவு மூச்சுக் குழாய்க்குள் தவறிச் சென்றால் இருமல் வந்து வெளியேற்றும். மயக்கத்தில் இருமல் வராது. இரைப்பையில் உணவிருந்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம், உயிருக்கே ஆபத்து. பொதுவாகத் திட உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி கேட்கிறார்கள். மருத்துவமனை குறிக்கும் நேரமே முடிவானது. “ஒரு வாய் டீதானே” என்று பரிவோடு கொடுக்கும் உறவினர்கள் ஒன்றை அறிதல் வேண்டும்: பால் கலந்த எதுவும் நீரன்று, உணவே.

முதல் நாளும் அன்று காலையும் சோப்புத் தேய்த்துக் குளிக்க வேண்டும். மஞ்சள் பூசக் கூடாது. பிளேடால் மழிக்கவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் நுண்ணுயிர்கள் குடியேறும்.

வீட்டையும் ஆயத்தம் செய்ய வேண்டும். அரிசி, பருப்பு, மாற்றுத் துணி ஆகியவற்றைப் பரணிலிருந்து இறக்கி இடுப்பு உயரத்தில் வைத்துவிடுங்கள். தலை வழியே மாட்டும் உடை வேண்டாம். முன்பக்கம் கொக்கியுள்ள ரவிக்கை, முன்புறம் திறக்கும் நைட்டி ஆகியவை ஏற்றவை. தண்ணீர் எடுப்பவர் யார், துணி துவைப்பவர் யார் என்பதை முன்னரே பேசி முடிவு செய்யுங்கள்.

உடல் கட்டும் சுவர்

பையைப் பொருத்தியபின் உடல் என்ன செய்கிறது? அயலான் ஒருவன் வீட்டுக்குள் வந்துவிட்டான், வெளியேற்ற முடியவில்லை. ஆகவே சுற்றிலும் நாரிழைகளால் ஒரு சுவர் எழுப்பி அவனைத் தனிமைப்படுத்திவிடுகிறது. இந்த உறை எல்லோருக்கும் உண்டாவது; மெல்லியதாக இருந்தால் தீங்கில்லை. சிலருக்கு மட்டும் உறை தடித்துச் சுருங்குகிறது. மார்பகம் கல்லைப் போல் இறுகி, உருண்டு, வலிக்கத் தொடங்குகிறது.

ஏன் உருண்டையாகிறது? முன்னர்க் கண்ட 260 மில்லிலிட்டர் பையையே எடுத்துக்கொள்வோம். மேல் பக்கம் 163, அடிப்பக்கம் 113, ஆக மொத்த மேற்பரப்பு 276 சதுர செ.மீ. அதே பருமனுள்ள கோளத்துக்கோ 197 சதுர செ.மீ. போதும். குறைந்த மேற்பரப்பில் மிகுந்த பருமனை அடக்கும் வடிவம் கோளமே. பையில் மிச்சமான மேற்பரப்பு இருக்கும்வரை, பாதி நிரம்பிய அரிசி மூட்டை போல் அது நெகிழ்ந்து கொடுக்கும். உறை சுருங்கச் சுருங்க மிச்சம் குறைகிறது. பை கோளத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. பிறகு நெகிழ இடமேது? கூழ் கெட்டியாவதில்லை, இறுகுவது சுவர்தான்.

பையின் மேல் ஒட்டிக்கொண்ட நுண்ணுயிர்ப் படலமும், உள்ளே தேங்கிய இரத்தமும் இச்சுருக்கத்தைத் தூண்டுகின்றன. எனவே குளியல், ஆஸ்பிரின் நிறுத்தம் போன்ற முன் கட்டளைகள் அன்றோடு முடிபவை அல்ல. பல ஆண்டுகளுக்குப் பின் வரும் கேட்டையும் அவை தடுக்கின்றன.

அறுவைக்குப் பின்

கண் விழிக்கும்போது மார்பில் பாரம் வைத்தாற்போல் இறுக்கமும் வலியும் இருக்கும். வலி மருந்து தருவார்கள். தலைப்பக்கம் உயர்த்தி மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். இதயத்திலிருந்து 20 செ.மீ. உயரம் சென்றால், இரத்தத்தின் எடையால் உண்டாகும் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 15 மில்லிமீட்டர் குறைகிறது. காயம்பட்ட இடத்தை உயர்த்தி வைத்தால் வீக்கம் குறைவதன் காரணம் இதுவே. குப்புறப் படுத்தல் பல வாரங்களுக்கு ஆகாது.

மறுசீரமைப்பு அறுவை செய்துகொண்டோருக்குப் பக்கவாட்டில் ஒரு குழாயும் அதன் முனையில் ரப்பர்க் குமிழும் தொங்கும். குமிழை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடிவிட்டால், அது பழைய வடிவுக்கு மீள முயல்கிறது. உட்பருமன் பெருகுகிறது, பாயில் விதிப்படி அழுத்தம் குறைகிறது, உள்ளே தேங்கிய நீர் குமிழை நோக்கி வருகிறது. குமிழ் நிரம்பிவிட்டால் இழுக்கும் ஆற்றல் இல்லை. ஆதலால் கையைச் சோப்பால் கழுவிக்கொண்டு, குறித்த வேளையில் கொட்டி, அளவை நோட்டில் எழுதி, மீண்டும் அமுக்கி மூட வேண்டும். 24 மணி நேரத்தில் வருவது சுமார் 30 மில்லிலிட்டருக்குக் கீழ் இறங்கினால் குழாயை எடுப்பது வழக்கம்.

இனி, அக்கா மீற நினைத்த கட்டளைக்கு வருவோம். தையல் மேலே மூடியிருப்பதைக் கண்டு காயம் ஆறிவிட்டதாக எண்ணுகிறோம். முதல் வார இறுதியில் அக்காயத்தின் வலிமை, நல்ல தோலின் வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட இராது. மூன்று வாரத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. மூன்று மாதத்தில் 80 விழுக்காடு. அதற்கு மேல் பெரிதாக ஏறுவதே இல்லை.

ஒரு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும். அதாவது 15 கிலோ. அதை முன்னால் நீட்டித் தூக்கும்போது கை ஒரு நெம்புகோல். தோள் மூட்டு அதன் தாங்குபுள்ளி. பாரம் தாங்குபுள்ளியிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. தசைகளோ சில சென்டிமீட்டர் தூரத்திலேயே எலும்பில் பற்றியிருக்கின்றன. எனவே பாரத்தைப் போல் பல மடங்கு விசையோடு அவை இழுக்க வேண்டும். அவற்றுள் பெரிய ஒன்றான மார்புத் தசை, பைக்கு மேலாகவோ கீழாகவோ ஒட்டிக் கிடக்கிறது. அது சுருங்கினால் பை நகரும், தையல் பிரியும், இரத்தம் கசியும். அடிபம்பு அடித்தல், மாவு பிசைதல், ஈரப் போர்வை பிழிதல், காகிதக் கட்டு தூக்குதல் எல்லாம் இதில் அடங்கும். கையை அசைக்கவே கூடாது என்பதில்லை. தோள் இறுகாதிருக்கச் சொல்லித்தரும் மென்மையான பயிற்சிகளைச் செய்ய வேண்டும். குறிப்பாகத் தீக்காயத் தழும்புடையோர் இதை விடவே கூடாது.

ஊர் திரும்பும் பயணத்துக்கும் விதியுண்டு. சென்னையிலிருந்து சிவகாசிக்கு இரயிலில் ஓர் இரவு. அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் தேங்கி உறையும். உறைந்த துணுக்கு நுரையீரலை அடைத்தால் உயிர் போகலாம். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது இரத்தத்தை மேலே தள்ளும் எக்கியாக வேலை செய்கிறது. மணிக்கொரு முறை பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். எழுந்து சிறிது நடங்கள். கீழ்ப் படுக்கையாகக் கேட்டு வாங்குங்கள். மேல் படுக்கைக்கு ஏறுவதும் கையால் பாரம் இழுப்பதே!

சில குறிகளைக் கண்டால் காத்திருக்கலாகாது. ஒருபக்கம் மட்டும் திடீரெனப் பெருத்து விறைத்தல்; காய்ச்சல்; பரவும் சிவப்பு; நாற்றமுள்ள நீர்; கெண்டைக்காலில் வலியும் வீக்கமும்; மூச்சுத் திணறல். சென்னைக்குப் போகும் நாளை எதிர்பார்க்க வேண்டாம். மதுரை இராஜாஜி மருத்துவமனை உள்ளது. 2022 முதல் விருதுநகரிலும் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. உடனே செல்ல வேண்டும்.

மற்றபடி, வீக்கம் வடிந்து உண்மையான வடிவம் தெரியச் சில மாதங்கள் ஆகும். இரண்டாம் வாரத்தில் கண்ணாடி முன் நின்று அழ வேண்டாம். எளிய வேலைக்கு ஓரிரு வாரத்தில் திரும்பலாமா என்பதை மருத்துவர் சொல்வார். காயம் முழுதும் மூடும்வரை பட்டாசு மருந்துத் தூள் பறக்கும் இடத்துக்குப் போகக் கூடாது.

“எத்தனை வருசம் வரும்?”

அக்காவின் கடைசிக் கேள்வி இது. பலரும் கேட்க மறக்கும் கேள்வியும் இதுவே. இப்பை ஆயுட்காலப் பொருள் அன்று. இறுகலாம், கிழியலாம், மாற்ற வேண்டி வரலாம். சிலிக்கோன் பை கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். பொருத்திய ஐந்தாறு ஆண்டில் ஒரு முறையும், பின் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும் ஸ்கேன் செய்து பார்க்குமாறு அமெரிக்க உணவு மருந்துத் துறை கூறுகிறது. 1992-இல் அந்நாட்டில் சிலிக்கோன் பைகளின் பொதுப் பயன்பாடு நிறுத்தப்பட்டு, நீண்ட ஆய்வுக்குப் பின் 2006-இல் மீண்டும் அனுமதி கிடைத்தது. 2021-இல் பைகளின் விவரக் குறிப்பில் கட்டமிட்ட கடும் எச்சரிக்கை இடம்பெற வேண்டுமென்ற விதியும் வந்தது.

காரணங்கள் உண்டு. ஃபிரான்ஸ் நாட்டின் பிப் நிறுவனம், மருத்துவத் தரமற்ற தொழிற்சாலைச் சிலிக்கோனைப் பைகளில் அடைத்து விற்றது 2010-இல் அம்பலமானது. உலகெங்கும் இலட்சக்கணக்கான பெண்கள் அப்பையைப் பொருத்தியிருந்தனர். மேற்பரப்பு சொரசொரப்பான சில பைகளைச் சுற்றி, ஆண்டுகள் கழித்து, அரிதான ஒருவகை நிணநீர்ப் புற்று தோன்றுவதும் கண்டறியப்பட்டது. 2019-இல் அவ்வகைப் பைகளுள் சில உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே பையின் நிறுவனம், வகை, எண் ஆகியவை குறித்த அட்டையைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் மார்பக எக்ஸ்ரே எடுக்கும்போது பை இருப்பதை முன்னரே சொல்லிவிடுங்கள். பை மறைக்கும் பகுதியையும் காணத் தனிமுறையில் படமெடுப்பார்கள். இவ்வளவையும் கேட்டபின், ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையும் அவளுக்கு உண்டு. கணவனுக்காகவோ வரப்போகும் மாப்பிள்ளைக்காகவோ செய்துகொள்ளும் அறுவை அன்று இது.

அக்கா அறுவைக்குச் சம்மதித்தாள். தனக்காகவே என்று தங்கையிடம் சொல்லியனுப்பினாள். புறப்படும் முன் அவர்கள் வீட்டுக்குப் போனேன். குடத்துக் கணக்கைத் தாயாரிடமும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், “நெஞ்சுத் தழும்புக்கு ஆபரேஷன்னு எதுத்த வீட்டு மதினிகிட்ட மட்டும் சொல்லி வைக்கிறேன், அவ தண்ணி எடுத்துக் குடுப்பா” என்றார்.

போய் வந்து மூன்று வாரமாகிறது. விரிபையில் முதல் தவணை உப்பு நீர் ஏற்றியாயிற்று. எதிர்வீட்டு மதினியும் தங்கையும் முறை வைத்துத் தண்ணீர் எடுக்கிறார்கள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் எதிரே அக்கா தன் கையெழுத்தில் காரணத்தை எழுதியிருக்கிறாள். ‘ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது’ என்பதன் எதிரே இப்படி இருந்தது: ‘மூணு வாரத்துல மூணுல ஒரு பங்குகூட இல்ல.’